நுரை வேண்டாம் என்றார்

மதுரை ஆஸ்பத்திரியில் சவரம் செய்ய வந்த மனிதரை என் வீட்டுக்காரர் எட்டி உதைத்துவிட்டார். நான் வராந்தாவில் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். தகரக் கிண்ணம் தரையில் உருண்ட சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். அந்த மனிதர் சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் சோப்பு நுரை. இவர் கட்டிலை விட்டு இறங்கி நின்று, கன்னத்தில் பட்டிருந்த கொஞ்சம் நுரையைத் தோள்பட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் என்னம்மா செஞ்சேன்? பிரஷ்ஷைக் கன்னத்துல வச்சேன். அம்புட்டுத்தான்” என்றார் அந்த மனிதர், அழாக்குறையாக.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்னை ஒரு அதட்டல் போட்டதில்லை. வாசலில் நாய் படுத்திருந்தால்கூட அதை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போகிறவர். அவர் ஒரு வயதான ஆளை உதைத்தார் என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் சொன்னவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். கண்ணால் பார்த்துவிட்டேனே, என்ன செய்ய? அந்த மனிதரிடம் நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் இவருக்குக் கையில் ஆபரேஷன் செய்வதாக இருந்தது. பட்டாசு ஆலை விபத்தில் வெந்துபோன இரண்டு கைகளும் ஆறின பிறகு, விரல்கள் மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. தொடையிலிருந்து தோலெடுத்து வைத்து விரல்களைப் பிரித்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மயக்கம் கொடுக்கிற மாஸ்க் முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டுமாம். மாதக் கணக்கில் வளர்ந்து கிடந்த தாடி அதற்கு ஆகாது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். ஒரு தாடியை எடுக்கிற காரியம், அதற்கு இந்த அமர்க்களம்.

“சவரமே பண்ணிக்க மாட்டேங்கிறவருக்கு நான் எப்படிம்மா ஆபரேஷன் பண்றது?” என்று டாக்டரம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தேதி தர்றேன். அதையும் விட்டீங்கன்னா உள்ள எல்லாம் இறுகிப் போயிடும். அப்புறம் யார் வந்து கத்தி வச்சாலும் விரல் விரியாது.”

திரும்பி வருகையில், பஸ் விருதுநகர் தாண்டுகிற வரைக்கும் நான் வாயை மூடவில்லை. “ஏங்க, சோறு நான் ஊட்டுறேன். வேட்டி நான் கட்டிவிடுறேன். கக்கூசுக்கும் நான்தான் வாரேன். காலத்துக்கும் இப்படியே ஓட்டிரலாம்னு இருக்கீகளா? எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா யாரு வந்து ஊட்டுவா, அந்த டாக்டரம்மாவா?” முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! இவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சாத்தூரில் இறங்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “தாடி கிடந்துட்டுப் போகுது, விடு.”

நடந்ததை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் இவர் வெடிமருந்து கலக்கிற ரூமில் வேலை பார்த்தார். அதே ரூமில் என் தம்பியும் இருந்தான். எங்கள் அம்மா போனபோது அவன் சின்னப் பையன். நான்தான் குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்த்தேன். கல்யாணமாகி வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டே வந்தேன். “உங்க வீட்டுச் சீர்ல இதுவும் ஒண்ணு” என்று இவர் அவன் தலையில் தட்டிக் கேலி பண்ணுவார். அவனும் “அத்தான், அத்தான்” என்று இவர் காலையே சுற்றிக்கொண்டிருப்பான். பெரியவனானதும் இவர் ஏறுகிற கம்பெனி வேனிலேயே அவனும் ஏறிப் போனான்.

ஆவணி மாதம், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம், அந்த ரூம் பற்றிக்கொண்டது. இவர் இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதனால் முகம் தப்பித்தது, கைகள் போயின. நான் விழுந்தடித்து மதுரைக்கு ஓடினேன். தம்பிக்கு லேசான காயம்தான், சிவகாசி ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று என் கொழுந்தன் சொன்னான். இரண்டு நாள் கழித்துத்தான் உண்மை என்று ஒன்றைச் சொன்னான். “அங்கனயே முடிஞ்சு போச்சு மதினி. நீங்க தாங்க மாட்டீகன்னு மறைச்சோம். கண்ணு மூடித் திறக்கிற நேரம்தான். அவனுக்கே ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.” முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று துணி சுற்றியே கொண்டுவந்தார்கள். நான் அழுது புரண்டதை எழுதுவதற்கில்லை. ஆனால் ‘அவனுக்கே ஒண்ணும் தெரிஞ்சிருக்காது’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன், அடுப்பு மூட்டினேன், காலண்டர் கம்பெனிக்கு, தாள்களின் தலையில் தகரப் பட்டை அடிக்கப் போனேன். வலி தெரியாமல் போய்விட்டான் பிள்ளை. அது ஒன்று போதும் என்று இருந்தேன்.

சரி, தாடிக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஊர் சலூன்காரரை வரச் சொன்னோம். அவர் வந்து பெட்டியைத் திறந்து கிண்ணத்தை எடுத்ததுமே இவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எழுப்பவே முடியவில்லை.

“நாலு பேர் சேர்ந்து பிடிச்சு அமுக்கி வழிச்சிருவமா மதினி?” என்றான் கொழுந்தன்.

“ஏன், கட்டிப்போட்டுச் செம்மறியாட்டுக்கு எடுக்கிற மாதிரி எடுத்துருவமே? போலே, வேலையத்தவனே!” என்று அவனை விரட்டினேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நானே செய்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. வெளியாள் கையும் வெளியாள் சோப்பும் இந்த மனுஷனுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய சொந்த சோப்பைக் கொண்டுவந்து வைத்தால் மசிவார். ஏனென்றால் சவரம் என்பது அவருக்குச் சாதாரணக் காரியம் இல்லை. ஊரில் ஆம்பிளைகள் எல்லாம் காலையில் சவரம் செய்தால் இவர் சாயங்காலம் செய்வார். வேலைவிட்டு வேனிலிருந்து இறங்கும்போது மருந்து கலக்கிறவர்கள் எல்லாரும் வெள்ளிச் சிலை மாதிரி இறங்குவார்கள். அலுமினியப் பவுடர் அப்படி அப்பியிருக்கும். வழவழப்பான தோலென்றால் தேய்த்தால் போய்விடும். முள்ளு முள்ளாக முடி இருந்தால் அதன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு லேசில் இறங்காது. அதனால் இவருக்குத் தினமும் சவரம்.

அதற்கென்று பிளாஸ்டிக் கிண்ணத்தில் வட்டமாக ஒரு கட்டி சோப்பு. கல் மாதிரி இருக்கும். வந்ததும் அதன் தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, பிரஷ்ஷை டம்ளர் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து டீ குடிப்பார். டீ முடிகிற நேரத்துக்குச் சோப்பு மேலாக இளகியிருக்கும். பிரஷ்ஷை ஒரே உதறாக உதறிவிட்டுக் கட்டியின் மேல் வட்டமாகச் சுற்றுவார். அவசரப்படவே மாட்டார். முதலில் கொப்புளம் கொப்புளமாக வரும். அது நுரை இல்லை, வெறும் காற்று என்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுக்கொண்டு மறுபடி சுற்றுவார். கொப்புளமெல்லாம் அடங்கி, பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கிற பதம் வரும். முதல் நுரையைப் பூசினால் பவுடரை எல்லாம் வாரிக்கொண்டு சாம்பல் நிறத்தில் இறங்கும். அதைத் துண்டால் துடைத்துவிட்டு இரண்டாம் நுரை போடுவார். அது பாலாடை மாதிரி வெள்ளையாக நிற்கும். பிறகுதான் பிளேடு. நான் அடுப்படியில் நின்று அதைத் தினமும் வேடிக்கை பார்த்திருக்கிறேன். என் தம்பியும் பார்ப்பான். “அத்தான், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்று பக்கத்தில் நிற்பான்.

அந்தக் கிண்ணம் குளியலறை மாடத்தில் அப்படியே இருந்தது. மாதக் கணக்கில் தண்ணீர் படாமல் சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, “வாங்க, உக்காருங்க. நான்தான் செய்யப் போறேன். என்னையும் உதைக்கிறதா இருந்தா உதைங்க, நானும் திருப்பி உதைப்பேன்” என்றேன். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை.

கத்தரிக்கோலால் தாடியைக் கட்டையாக வெட்டினேன். பிறகு அவர் செய்கிற மாதிரியே சோப்புத் தலையில் தண்ணீர் விட்டேன். பிரஷ்ஷை முக்கினேன். டீ போட்டு அவருக்கு ஊட்டினேன். உதறினேன், சுற்றினேன். சுற்றுகிறேன், சுற்றுகிறேன், ஒன்றும் வரவில்லை! நுரை என்று பேருக்குக்கூட இல்லை. சோப்பு திரிதிரியாகத் திரிந்துகொண்டு வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்த பால் மாதிரி. அதிலும் நீலமும் பச்சையுமாக ஒரு நிறம். இது என்ன கண்றாவி, சோப்பு கெட்டுப்போகுமா என்ன?

“நுரையே வர மாட்டேங்குதுங்க.”

“நுரை வேண்டாம். சும்மா தண்ணியத் தொட்டு இழு.”

“நுரை இல்லாம இழுத்தா தோலு வந்துரும்.”

“வந்தா வரட்டும். நுரை வேண்டாம்ங்கிறேன்ல.”

இழுத்தேன். தாடை ஓரத்தில் பிளேடு தடுக்கித் தடுக்கி ரத்தம் வந்துவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. நான்தான் நிறுத்திவிட்டேன். ஆனால் உள்ளுக்குள்ளே ஒரே சந்தோஷம். உதைக்கவில்லை, எழுந்து போகவில்லை, ரத்தம் வந்தும் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபமெல்லாம் வெளியாள் மேல்தான், நான் நினைத்தது சரிதான் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல நுரை மட்டும் வந்துவிட்டால் காரியம் முடிந்தது! ‘நுரை வேண்டாம்’ என்று சொன்னாரே, அதை என் மேலுள்ள இரக்கத்தில் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். பாவம், கஷ்டப்படுகிறாள் என்று.

பிரஷ்ஷைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மயிர்க்கற்றையின் அடியில் நீலமாக ஏதோ இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மைதாப் பசை! நான் மதுரையில் இருந்த நாட்களில் என் கொழுந்தன் பெண்டாட்டி இங்கே இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிற வேலையையும் இங்கே வைத்தே செய்தாள். எங்கள் பக்கம் பசை காய்ச்சும்போது எலியும் பூச்சியும் தின்னாமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அந்த நீலம்தான் இந்த நீலம். ஏழு கடல் தாண்டி விசாரித்தாலும் இப்படி ஒரு கூத்தை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

கூப்பிட்டுக் கேட்டேன். “பசைக் குச்சி ஒடிஞ்சு போச்சுக்கா. இது சும்மாதான இருந்துச்சு. நல்லாக் கழுவித்தான வச்சேன்” என்று முந்தானையைத் திருகினாள்.

“கழுவினியா? அடியே, துத்தம் விஷம்டி! அதக் கொண்டுபோய் அவுக மூஞ்சியில தேய்ச்சிருக்கேனே! வெளங்குமா உன் குடும்பம்?” என்று கத்தினேன். அவள் குடும்பமும் என் குடும்பமும் ஒன்றுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவளே சிரித்துவிட்டாள். நானும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் முகத்தை மட்டும் நாலைந்து தடவை கழுவிவிட்டேன்.

ஆனால் குற்றம் பிரஷ்ஷுடையது மட்டும் இல்லை, தண்ணீருடையதும்தான். எங்கள் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் துணி சோப்பே சோம்பேறித்தனமாகத்தான் நுரைக்கும். இவர் நுரை போட்டதெல்லாம் குடிக்கிற நல்ல தண்ணீரில். குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிற ஊரில் மூஞ்சிக்கு நல்ல தண்ணீரா என்று நானே அவரை எத்தனையோ தடவை கடிந்திருக்கிறேன். இந்தத் தடவை நானே ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்துச் சூடு பண்ணினேன். சாத்தூரில் புது பிரஷ் வாங்கி வந்தேன். நீலம் பட்டிருந்த சோப்பின் மேல்பக்கத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, வெந்நீரைத் தெளித்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். மறுநாள் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். தவறினால் இந்தத் தேதியும் போய்விடும்.

மறுபடி அதே நாற்காலி, காலை வெயில். அவர் எப்போதும் பார்க்கிற சின்னக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். அவர் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் சுற்ற ஆரம்பித்தேன். கொப்புளம் வந்தது. அவசரப்படவில்லை. ஒரு சொட்டு, மறுபடி சுற்று. கை கடுத்தது, விடவில்லை. கொப்புளம் அடங்கியது. கட்டியின் மேல் தடிப்பாக, பளபளவென்று ஏறிக்கொண்டே வந்தது. பிரஷ்ஷைத் தூக்கினேன், நுனி வளைந்து நின்றது. அடேயப்பா! எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி குதிக்க வேண்டும்போல இருந்தது. இரண்டு கன்னம், மோவாய், மூக்குக்குக் கீழே, கழுத்து என்று மொத்தமாகப் பூசினேன். கண்ணும் நெற்றியும் தவிர மிச்சமெல்லாம் வெள்ளை.

“கண்ணத் திறந்து பாருங்க. உங்க நுரை மாதிரியே வந்துருச்சு!” என்றேன்.

திறந்து பார்த்தார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னால் எந்த மனுஷனிடமும் கேட்டதில்லை. கத்தினாரா, அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ பிய்ந்து வந்த மாதிரி வந்தது. நாற்காலி சரிந்தது. விரல் விரியாத அந்தக் கைகளால் முகத்தை இடித்து இடித்துத் துடைக்கிறார். நுரை கண்ணிலும் மூக்கிலும் போகிறது. “எடு, எடு, எடுத்துரு” என்கிறார். நான் சொம்பையும் பிரஷ்ஷையும் போட்டுவிட்டு அவர் தலையை என் வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். உடம்பு அப்படி நடுங்கியது. ஒரு நுரைக்கா, இத்தனை பெரிய மனுஷன்?

“என்னங்க, என்ன ஆச்சு? எரியுதா? துத்தம் இன்னும் போகலையா?”

“அவன் மூஞ்சி” என்றார். “அப்படியே அவன் மூஞ்சி.”

“எவன் மூஞ்சி?”

“பக்கத்துக் கட்டில்ல கிடந்தவன்.”

எனக்கு ஞாபகம் வந்தது. விபத்து நடந்த மறுநாள், தீக்காய வார்டுக்குள் என்னை விடவில்லை. ஜன்னல் கம்பி வழியாகத்தான் இவரைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் கிடந்தான். நெற்றி முதல் கழுத்து வரைக்கும் வெள்ளை மருந்தை அப்பியிருந்தார்கள். கண் இருக்கிற இடம், வாய் இருக்கிற இடம் என்று இரண்டு மூன்று கோடுகள், அவ்வளவுதான். யார் என்று இவரிடம் கேட்டேன். வேறு கம்பெனி ஆள் என்றார். “யாரு பெத்த பிள்ளையோ, அவுக வீட்டு ஆளுக ஒருத்தரும் வரலையா?” என்று அங்கலாய்த்தேன். அந்த ஜன்னலில் நின்றுகொண்டே இவரிடம், தம்பிக்கு லேசான காயம்தானாம், சிவகாசியில் நல்லா இருக்கானாம், நாளைக்கு வந்துருவானாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். கையில் கொண்டுபோயிருந்த இளநீரை நர்ஸிடம் கொடுத்து, அந்தப் பையனுக்கும் ஒரு வாய் ஊத்துங்கம்மா என்றேன்.

இதெல்லாம் ஒரு நொடியில் வந்து போனது. அதற்குள் இவர் என் வயிற்றில் முகத்தைப் புதைத்தபடி சொல்லிவிட்டார்.

“வேற கம்பெனி ஆளு இல்ல புள்ள. நம்ம பயதான்.”

என் காதில் விழுந்தது. புரிய மாட்டேன் என்றது. “எந்தப் பய?” என்றேன்.

“உன் தம்பிதான். ரெண்டு நாள் அங்கனதான் கிடந்தான்.”

நான் அவரை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேனா, விழுந்தேனா தெரியாது. கொட்டிக் கிடந்த வெந்நீர் சேலையில் ஏறியது. அது மட்டும் தெரிந்தது. ஐயோ, ஜன்னலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் எட்டிப் பிடிக்கிற தூரம்! நான் தூக்கி வளர்த்த பிள்ளை. இருட்டில் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே அவன் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்ட அக்கா நான். அவனைப் பார்த்து யாரோ பெத்த பிள்ளை என்றேன். அவன் காதுபடவே, அவன் நல்லா இருக்கிறான் என்றேன்.

“ஏன்யா சொல்லல?” என்று கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “பாவி மனுஷா, என் பிள்ளையை என் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு வேற ஆளுன்னு சொன்னியே! எப்படி மனசு வந்துச்சு உனக்கு?”

“அவன்தான் சொன்னான். ‘அக்கா இப்பப் பாத்தா தாங்காது அத்தான். சிவகாசியில இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க. கொஞ்சம் ஆறட்டும், நானே காட்டிக்கிடுறேன்’னான். நல்லாப் பேசினான் புள்ள. பொழைச்சுருவான்னுதான் நானும் நினைச்சேன். என் தம்பிக்கிட்டயும் அப்படியே உன்கிட்ட சொல்லச் சொன்னேன். அப்புறம்…” மடங்கின கையால் கண்ணில் போன நுரையை ஒற்றினார். “அப்புறம் எந்த வாய வச்சுச் சொல்ல?” என்றார்.

அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்ற வார்த்தை அன்றோடு போயிற்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது அவனுக்கு. நான் வந்தது, பேசியது, போனது எல்லாம்.

“நான் பேசினது அவனுக்குக் கேட்டுச்சா?” என்றேன்.

“கேட்டுச்சு. நீ போன பின்னாடி, ‘அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியல பாத்தீகளா அத்தான், நல்ல வேளை’ன்னான். சிரிக்கப் பாத்தான்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “உன் இளநியக் குடிச்சான். நர்ஸம்மா ஸ்பூன்ல ஊத்துச்சு. பூராத்தையும் குடிச்சான்” என்றார்.

கொழுந்தன் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியைத் தூக்கி அடித்திருக்கலாம். அடிக்க வேண்டிய ஆளைப் பார்த்தால், முகமெல்லாம் பாதி நுரை, பாதி கண்ணீர். மடங்கின கைகளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை மாதம் அந்தச் சங்கதியைத் தனியாக வைத்துக்கொண்டு, நான் ஊட்டின சோற்றைத் தின்றிருக்கிறார். எப்படித்தான் இறங்கியதோ தொண்டையில்.

கடைசியில் அவரே எழுந்து நாற்காலியைக் காலால் நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். “நுரையப் போட்டே இழு. சொல்லிட்டேன்ல. இனி இருந்துக்கிடுவேன்” என்றார். “கண்ணாடிய மட்டும் எடுத்துரு.”

மறுநாள் மதுரைக்குப் போனோம். ஆபரேஷன் நடந்தது. இடது கை பாதிதான் விரிந்தது. வலது கையால் இப்போது சோற்றைப் பிசைந்து தின்கிறார், பஸ் கம்பியைப் பிடிக்கிறார், என்னோடு சண்டை போடும்போது விரலை நீட்டி நீட்டிப் பேசுகிறார். சவரமும் அவரேதான் செய்துகொள்கிறார். நான் அந்த நேரம் தெருப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அன்றைக்கு நான் சவரம் செய்து முடித்தது எப்படி என்று எனக்கே ஆச்சரியம்தான். கண்ணாடியைக் கழற்றித் திருப்பி வைத்தேன். சேலையைச் செருகிக்கொண்டு மறுபடி நுரை எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்க வெள்ளையாகப் பூசிவிட்டு ரேசரை வைத்தேன். அந்த வெள்ளைக்குக் கீழே யார் இருப்பார்களோ என்று எனக்கு உயிரே போகிற பயம். மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தேன். காதோரத் தோல் தெரிந்தது. இன்னொரு இழுப்பு, கன்னத்து மச்சம். அப்புறம் மோவாய். ஒவ்வொரு இழுப்புக்கும் என் தம்பி வந்துவிட மாட்டானா என்று பார்த்துக்கொண்டே இழுத்தேன். கடைசி வரைக்கும் இவர் முகம்தான் வந்தது.